கடைசி உறைபனி

ரொறன்ரோவில் ஏப்ரல் மாதத்தை நம்பிக் கத்தரிக்கன்று நட்டவர்கள், மே மாதத்தில் காசு கொடுத்துக் கன்று வாங்குவார்கள். ஸ்காபரோவில் பின்வளவு வைத்திருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ஆண்டும் யாரோ ஒருவர் நடத்தான் செய்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஐந்து மாதம் வெள்ளையும் சாம்பலுமாகக் கிடந்த வளவில் திடீரென்று ஒருநாள் 18 பாகை வெயில் விழுந்தால் எவருக்கும் கை துறுதுறுக்கும்.

சித்திரை வருடப்பிறப்பன்று யாழ்ப்பாணத்தில் கோயில் வீதி மணல் கொதிக்கும். அதே வருடப்பிறப்பு இங்கே எந்தக் கோலத்தில் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. 2018 இல் அது உறைமழையோடு வந்தது. ஏப்ரல் 14, 15 இரண்டு நாளும் தெற்கு ஒன்ராறியோ முழுவதும் மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் முறிந்தன, மின்சாரம் போனது. பட்டுச்சேலைக்கு மேல் குளிரங்கி மாட்டிக்கொண்டு, வழுக்கும் நடைபாதையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கோயிலுக்குப் போன வருடப்பிறப்பு அது. வேறோர் ஆண்டில் அதே நாளில் அரைக்கைச் சட்டையோடு முற்றத்தில் நிற்கலாம். பஞ்சாங்கத்தில் இளவேனில் பிறந்துவிடும். மண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆனால் தோட்ட வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. வெளியே பனி குவிந்து கிடக்கிற மாசி மாதக் கடைசியில், நிலக்கீழ் அறையில் விளக்குக்குக் கீழே மிளகாய் விதை போட வேண்டும். மிளகாய் முளைப்பதற்கும் தாமதம், வளர்வதற்கும் தாமதம். பங்குனி நடுவில் கத்தரி. அதற்குப் பின் தக்காளி. பாகலுக்கும் புடலைக்கும் அவசரமே இல்லை. வேரைத் தொட்டால் கோபிக்கிற சாதி அவை, நடுவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன் போட்டால் போதும். பாகல் விதையின் தோல் தடிப்பானது. நகவெட்டியால் நுனியைச் சற்றே கிள்ளி ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். நாற்றுத் தட்டுக்கு மேலே தண்ணீர் ஊற்றாமல் அடித்தட்டில் விட்டு, மண்ணே உறிஞ்சிக்கொள்ள விடுவார்கள். இல்லாவிட்டால் நாற்றழுகல் நோய் வந்து, மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் அடித்தண்டு கருகிச் சரிந்து கிடக்கும். யன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பி வைத்த நாற்றுகள் வெளிச்சம் தேடி நூலாக நீண்டு, தம் தலையைத் தாமே தாங்க முடியாமல் வளையும்.

பங்குனிக் கடைசியில் பின்வளவுப் பசுமைக்குடிலைத் திறப்பது தனிச் சடங்கு. பெரிதாக ஒன்றுமில்லை, பலரிடம் இருப்பது நாலு பேர் நெருக்கி நிற்கிற அளவுக் கூடுதான். குளிர்காலம் முழுவதும் படிந்த பாசியையும் தூசியையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவ வேண்டும். அழுக்குக் கண்ணாடி, ஏற்கெனவே குறைவாக இருக்கிற வெளிச்சத்தில் தன் பங்கையும் எடுத்துக்கொள்ளும். சட்டிகளைக் கழுவி, பழைய மண்ணைக் கொட்டி, வீட்டுக்குள் குளிர்காலத்தைக் கழித்த கறிவேப்பிலைச் சட்டியை இலை இலையாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். அழுக்கணவனும் செதிற்பூச்சியும் இலையின் பின்பக்கத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். கறிவேப்பிலைக்கு இந்த நாட்டில் கிடைக்கிற மரியாதை எந்த விருந்தாளிக்கும் கிடைப்பதில்லை. வரவேற்பறையில் வெயில் விழுகிற ஒரே யன்னல் அதற்குத்தான்.

கூரையில் சிறு காற்றுக்கதவு ஒன்று இருக்கும். அதைத் தூக்குவது மெழுகு நிரப்பிய ஓர் உருளை. வெப்பம் ஏறினால் மெழுகு விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். ஆறினால் சுருங்கி மூடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். ஏப்ரலில் வெளியே 8 பாகைதான் இருக்கும். வெயில் எறித்தால் உள்ளே 30 ஐத் தாண்டிவிடும். நாற்றுகள் குளிரில் சாவதைவிட, காற்றுக்கதவு திறக்காத ஒரு மதியத்தில் வெந்து சாவதுதான் அதிகம் என்று பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள்.

கண்ணாடிக்குள் செடி வளர்க்கிற பழக்கத்துக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. லண்டனில் நதானியேல் வார்ட் என்ற மருத்துவர் 1829 இல் மூடிய போத்தலுக்குள் பன்னச் செடி ஒன்று தானாக முளைத்து வாழ்வதைக் கவனித்தார். கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி, மறுபடி துளியாகி மண்ணுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தவைதான் வார்டின் கண்ணாடிப் பெட்டிகள். கப்பலில் உப்புக்காற்றுப் படாமல் மாதக்கணக்கில் கன்றுகளைக் கொண்டுபோக அவை உதவின. சீனத் தேயிலைக் கன்றுகள் இமயமலை அடிவாரத்துக்கு அவற்றில்தான் வந்தன. பிரேசிலில் எடுத்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தின் கண்ணாடி வீடுகளில் முளைத்து, 1876 இல் ஏறத்தாழ 2000 கன்றுகளாக இலங்கைக்குக் கப்பலேறியதும் அப்படியான பெட்டிகளில்தான். இலங்கையின் கோப்பி, தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் வழியிலேயே இறந்தார்கள். கன்றுகளுக்குக் கண்ணாடிப் பெட்டி இருந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், பசுமைக்குடில் என்றதும் பாதுகாப்பு, பராமரிப்பு என்று ஒரு கனிவான எண்ணம் நம்மிடம் வந்துவிடுகிறது. கண்ணாடி உண்மையில் செய்வது மிகக் குறுகிய ஒரு வேலை. அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1909 இல் இரண்டு பெட்டிகளை வைத்துச் சோதித்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்குப் பாறையுப்பு மூடி. கண்ணாடி வெப்பக்கதிரைத் தடுக்கும், பாறையுப்பு தடுக்காது. ஆனாலும் இரண்டு பெட்டிக்குள்ளும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பசுமைக்குடில் சூடாக இருப்பதற்கு முதற்காரணம், சூடான காற்று மேலே தப்பிப் போகாமலும் வெளிக்காற்று உள்ளே நுழையாமலும் தடுக்கப்படுவதுதான் என்று அவர் காட்டினார். காற்றை நிறுத்துவதே அந்தக் கூட்டின் முழுத் திறமை.

காற்று நின்றால் செடிக்கு நல்லதுதானே என்று தோன்றும். 1970களின் தொடக்கத்தில் மார்க் ஜாஃபி என்ற தாவரவியலாளர் செடிகளின் தண்டை நாள்தோறும் சில விநாடிகள் விரலால் தடவி வந்தார். தடவப்பட்ட செடிகள் குட்டையாகவும் தண்டு தடித்தும் வளர்ந்தன. தொடாமல் விட்டவை உயர்ந்து மெலிந்தன. தோட்டத்தில் இந்தத் தடவலைச் செய்வது காற்று. ஒவ்வோர் அசைவுக்கும் செடி தன் தண்டில் கொஞ்சம் பலத்தைக் கூட்டிக்கொள்கிறது. கண்ணாடிக்குள் வளர்ந்த கத்தரிக்கு அந்த அசைவு கிடைக்கவில்லை. வெயிலின் ஊதாக்கடந்த கதிரில் கடுமையான பகுதியைக் கண்ணாடி வடித்துவிட்டதால், அதைத் தாங்கும் நிறமிகளை அதன் இலைகள் சேர்க்கவும் இல்லை. இலையின் மெழுகுத்தோலும் தடிக்கவில்லை. பார்வைக்குப் பசுமையாக, கடையில் விற்கிற கன்றைவிட அழகாக இருக்கும். அதை நேரே மே மாத வெயிலில் கொண்டுபோய் வைத்தால் இரண்டு நாளில் இலை வெளுத்துக் காகிதமாகிவிடும்.

கண்ணாடி சொன்னது பொய். அன்பான பொய்தான், அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் கத்தரியும் இல்லை, பாகலும் இல்லை. ஆனால் வளர்க்கிறவருக்கு ஒரு கடன் மிஞ்சுகிறது. சொன்ன பொய்யை எந்த வேகத்தில் திருப்பி எடுப்பது?

விவசாயப் புத்தகங்களில் இதற்கு வன்மைப்படுத்தல் என்று பெயர். எங்கள் தெருவில், கோப்பாய்ச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாமி இருக்கிறார். அவருக்கு இது வெறும் ‘வெளியால காட்டுறது’. மே மாதம் பிறந்ததும் அவருடைய நாள் இந்த வேலையைச் சுற்றியே ஓடும். முதல் நாள் மப்பான காலையாகப் பார்த்து, வேலியோர நிழலில் ஒரு மணிநேரம். பிறகு உள்ளே. அடுத்த நாள் இரண்டு மணிநேரம். மூன்றாம் நாள் காலை வெயில் கொஞ்சம். இடையில் காற்றுப் பலமாக அடித்தால் ஒருநாள் பின்னால் போவார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். ஆனால் வாட விடமாட்டார். பத்துப் பன்னிரண்டு நாளான பிறகு, இரவிலும் 10 பாகைக்குக் கீழே போகாது என்று உறுதியானால், முதல் முறையாக வெளியில் தூங்க விடுவார். தட்டுத் தட்டாகச் சுமந்து வெளியே வைப்பதும் மாலையில் உள்ளே எடுப்பதும் முதுகை ஒடிக்கிற வேலை. ஏன் மாமி, எல்லாவற்றையும் ஒரேயடியாக நட்டுவிட்டு மேலே துணி போர்த்தினால் என்ன என்று கேட்டால், “பொறு தம்பி. இதுகள் இன்னும் வீட்டுப் பிள்ளையள். மண் குளிரும் விடேல்ல. வேணுமெண்டால் கையை வைச்சுப் பார்” என்பார்.

கையை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். மேலே வெயில் சுள்ளென்று இருக்கும். விரல் நீளத்துக்குக் கீழே மண் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த பாத்திரத்தைப்போலச் சில்லென்று இருக்கும். காற்று ஒரு மதியத்தில் சூடாகிவிடும்; மண்ணுக்குக் கிழமைக்கணக்கு வேண்டும். பட்டாணியும் முள்ளங்கியும் அந்தக் குளிர்மண்ணிலேயே முளைத்துக்கொள்ளும். பயிற்றை விதையை அதில் போட்டால் முளைக்காமல் அழுகிவிடும்.

இந்தக் குளிருக்குப் பழகிய செடிகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அவற்றுக்கு எந்த மாமியும் தேவையில்லை. அக்டோபரில் ஊன்றிய உள்ளி, பனிக்குக் கீழே மூன்று நான்கு மாதம் கிடந்து, பனி விலகிய மறுநாளே பச்சை நுனியைக் காட்டும். டியூலிப் கிழங்குக்கும் அப்படித்தான். மாதக்கணக்கில் குளிர்படாவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. பல ஆப்பிள் வகைகளின் மொட்டுகள், 0 பாகைக்கும் 7 பாகைக்கும் இடைப்பட்ட குளிரில் ஏறத்தாழ 1000 மணிநேரம் கழிந்தால்தான் விழிக்கும். டிசம்பரில் இரண்டு நாள் வெயில் எறித்தால் மரம் ஏமாறாது, அதன் கணக்கு இன்னும் நிறையவில்லை. செடி இப்படியான குளிர்க்கணக்கை எங்கே வைத்திருக்கிறது என்பதை இங்கிலாந்தில் நாரிச் நகரின் ஜான் இன்னஸ் மையத்தில் கரோலைன் டீனும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கடுகின் உறவான ஒரு சிறு செடியில், பூப்பதைத் தடுத்து நிற்கிற மரபணு ஒன்று இருக்கிறது. குளிர் பட்டால் அது அணைகிறது. செடி முழுவதிலும் ஒரே நாளில் அணைந்துவிடுவதும் இல்லை. கலம் கலமாக அணைகிறது. குளிர் நீள நீள அணைந்த கலங்களின் பங்கு கூடுகிறது. பிறகு வெயில் வந்தாலும் அணைந்தது அணைந்தபடியே இருக்கிறது. கழிந்த குளிர்காலத்தைச் செடி தன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது.

நம்முடைய பாகலுக்கும் முருங்கைக்கும் இப்படி எழுதி வைக்க ஏடே இல்லை. அவை பிறந்த இடத்தில் அதற்குத் தேவை இருந்ததில்லை. ஒரு சூடான நாள் வந்தால் அதை முழுதாக நம்பிவிடும், பாவங்கள். அவற்றுக்குப் பதிலாக யாரோ குளிரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வசந்தத்தில் மாமி செய்கிற வேலையின் பெரும்பகுதி இந்த ஞாபகம்தான்.

இவ்வளவோடு நின்றால் கதை நேர்த்தியாக இருக்கும்: இந்த ஊர் மரம் அறிவாளி, நம்மூர்ச் செடி அப்பாவி. ஆனால் 2012 அதைக் கெடுத்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒன்ராறியோவில் கோடைபோல வெயில் அடித்தது. ஆப்பிள் மரங்களின் குளிர்க்கணக்கு நியாயமாகவே நிறைந்திருந்தது. எல்லாம் சரி என்று அவை வழக்கத்துக்குச் சில கிழமைகள் முன்பே மொட்டவிழ்ந்தன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது. அந்த ஆண்டு மாகாணத்தின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 80 சதவீதம் போனது. தலைமுறை தலைமுறையாகக் குளிரை எண்ணப் பழகிய மரங்கள், கணக்கில் எந்தப் பிழையும் விடாமலே தோற்றன. போன குளிரை எவ்வளவு நுட்பமாக எண்ணினாலும், இனி வரக்கூடிய குளிரைப்பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லாது.

இங்கே தோட்டக்காரர்கள் கடைசி உறைபனி நாள் என்று ஒன்றைச் சொல்வார்கள். ரொறன்ரோவுக்கு அது மே முற்பாதியில் விழும். அது பல ஆண்டுகளின் கணக்கிலிருந்து எடுத்த நாள். இந்த ஆண்டின் உறைபனி அந்தக் கணக்கைப் படித்திருக்காது. அதனால்தான் பலரும் விக்டோரியா நாள் வரைக்கும் காத்திருக்கிறார்கள். மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமை அது. ரப்பர்க் கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறிய காலத்தில் ஆண்ட அதே அரசியின் பிறந்தநாள் விடுமுறையில்தான் ஸ்காபரோவில் தமிழர்கள் கத்தரி நடுகிறார்கள். வேறு சிலர் லைலாக் பூக்கும் வரை பார்த்திருப்பார்கள். அதுவும் நல்ல முறைதான், நாட்காட்டியைவிட லைலாக்குக்கு மண்ணோடு பழக்கம் அதிகம்.

ஆனாலும் கடைசி உறைபனி விழுகிற காலையில், அதுதான் கடைசி என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. புல்லில் வெள்ளைப் பூச்சாகக் கிடந்து ஒன்பது மணிக்குள் கரைந்துவிடும். ஆனி மாதம் வந்து, கத்தரி பூத்த பிறகு திரும்பிப் பார்த்தால்தான், அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று புரியும். வசந்தம் எப்போதும் நடந்து முடிந்த பிறகே நிச்சயமாகிறது. நட வேண்டியதோ அந்த நிச்சயம் வருவதற்கு முன்னால். நிச்சயம் வந்த பிறகு நட்டால் காய்க்கக் கோடை போதாது.

எனக்குத் தெரிந்த முதல் தலைமுறைக் குடும்பங்கள் பலவற்றின் வளவுகளில் இதே கணக்கைப் பார்த்திருக்கிறேன். இலங்கையில் 1983 இனக்கலவரத்துக்குப் பின் வந்தவர்கள் தொடக்கத்தில் மிளகாய், கத்தரி, தக்காளி, பயிற்றை மட்டுமே நட்டார்கள். எல்லாம் ஒரு கோடைக்குள் முடிகிறவை. பிரச்சினை தீர்ந்ததும் திரும்பிப் போகத்தானே போகிறோம். பேரிக்கன்றோ திராட்சைக்கொடியோ வைக்கிற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. அது காய்க்கும்போது நாங்கள் இங்கே எதற்கு? பிறகு ஒரு வளவில் கீரைப் பாத்தி நிரந்தரமானது. இன்னொன்றில் உள்ளியை அக்டோபரில் ஊன்றினார்கள், அடுத்த ஆடியில் இங்கேதான் இருப்போம் என்று எங்கேயும் சொல்லாமல். பத்து, பதினைந்து வருடம் கழித்து ஒருவர் பேரிக்கன்று வாங்கி வந்தார். எந்த நாளில் அவர் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அப்படி ஒரு நாள் இருந்திருக்காது. நிழலில் ஒரு மணிநேரம், பிறகு இரண்டு மணிநேரம், காற்று அடித்தபோது ஒருநாள் பின்னால் என்றுதான் அது நடந்திருக்கும். ஒரு புதிய இடத்தின்மேல் நம்பிக்கை கலம் கலமாகத்தான் மாறுகிறது. நாமாக அதை ஓர் ஆண்டோடும் தேதியோடும் பிற்பாடு சொல்லிக்கொள்கிறோம்.

இங்கேயே பிறந்த பிள்ளைகளை நினைத்துச் சிலர் வேறு விதமாகவும் சொல்வார்கள்: அதுகளுக்கு எந்தக் கண்ணாடியும் வேண்டாம், இந்தக் குளிரே சொந்தம் என்று. இருக்கலாம். 2012 இன் ஆப்பிள் மரங்களுக்கும் இந்தக் குளிர் சொந்தம்தான்.

மாமி இந்தத் தத்துவமெல்லாம் பேசுவதில்லை. அவர் செய்வது ஒன்றுதான்: எல்லாக் கன்றையும் ஒரே நாளில் நிலத்துக்குக் கொடுக்கமாட்டார். முப்பது கத்தரி இருந்தால் விக்டோரியா நாளில் இருபதுதான் நடுவார். பாகல் விதையிலும் பாதியைப் பத்து நாள் தள்ளிப் போடுவார். மிச்சப் பத்துக் கத்தரியும் பசுமைக்குடிலில், திரும்பி வரக்கூடிய ஒரு குளிர் இரவுக்காகக் காத்திருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த இரவு வராது. ஆனி பிறக்கும்போது அந்தப் பத்தும் சட்டியில் வேர் சுற்றி, இடம் போதாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்போது அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குவார். மூன்று, அடுத்த வீட்டு இத்தாலியப் பாட்டிக்கு. இரண்டு, முனைவீட்டுச் சீனத் தம்பதிக்கு. ஏப்ரலிலேயே நட்டுத் தொலைத்தவர் வீட்டுக்கு நாலு. ஒன்றும் சொல்லாமல் படியில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு வந்துவிடுவார். பத்தாவதை மட்டும் இன்னும் ஒரு கிழமைக்குக் கண்ணாடிக்குள்ளேயே வைத்திருப்பார்.